பையனுக்கா மேடம்?

"பையனுக்கா மேடம்?" என்று கேட்டார் கடைக்காரர்.

மதுரையில் இசைக்கருவிகள் விற்கும் கடை அது. லேப்டாப்போடு இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும், இரண்டு மைக் செருகுகிற மாதிரி வேண்டும் என்று சொல்லியிருந்தேன். "எனக்குத்தான்" என்றேன். "ஓ, காலேஜ் ஃபங்ஷனுக்கா?" "இல்லை, நான் பாடுறதுக்கு." அவர் என் தோள்பையைப் பார்த்தார். அதில் விடைத்தாள் கட்டும் இரண்டு முருங்கைக்காயும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. கெட்ட மனிதர் இல்லை. பில் போடும்போது ஒரு கேபிளைச் சும்மாவே கொடுத்தார். ஆனால் பெட்டியை என் கையில் தரும்போதும் விடவில்லை: "வீட்ல பையன் இருந்தா ஒருநாள் வரச் சொல்லுங்க மேடம், எப்படி கனெக்ட் பண்றதுன்னு காட்டித் தர்றேன்."

எனக்கு 46 வயது. பையன் இல்லை, வெளியூரில் படிக்கும் ஒரு மகள் இருக்கிறாள். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள், கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள், கவிதை எழுதுகிறவள். கிதார் என் வாழ்க்கைக்குள் வந்தது எம்.ஏ. படித்தபோது. ஹாஸ்டலில் என் அறைத்தோழி நாகர்கோவில்காரி, சர்ச் பாடகர் குழுவில் வாசித்தவள். வார்டன் தூங்கிய பிறகு மொட்டைமாடியில் ஆறு கார்ட் சொல்லிக்கொடுத்தாள். இத்தனை வருடத்தில் அதோடு இன்னும் நாலைந்து சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். என் கவிதைகளில் சிலவற்றுக்கு அவை போதுமாக இருந்தன.

போன வருடம் தோழிகள் ஒரு கூட்டம் வைத்தார்கள். "நீ வர முடியாவிட்டால் ஒரு பாட்டாவது பதிவு செய்து அனுப்பு" என்றார்கள். நான் நல்லபடியாகச் செய்ய வேண்டும் என்று ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் இளைஞர். மரியாதையானவர், வேலை தெரிந்தவர். ஒரு மணி நேரத்தில் பாடி முடித்தேன். மறுநாள் கோப்பு வந்தது. கேட்டேன். கிதார் என்னுடையது. சொற்கள் என்னுடையவை. பாடுவது நான் இல்லை.

தொலைபேசியில் கேட்டபோது அவர் உற்சாகமாகச் சொன்னார்: "வாய்ஸ் கொஞ்சம் தடிமனா இருந்துச்சு மேடம், சில இடத்துல பிசிறு வேற. ட்யூன் பண்ணி, பிரைட் பண்ணிருக்கேன். இப்ப இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு பாடற மாதிரி இருக்கும்."

அந்தப் பாட்டு எதைப் பற்றியது என்று அவர் கவனிக்கவில்லை. அது தீட்டு நின்றுபோவதைப் பற்றிய பாட்டு. கடைசி நாப்கின் பாக்கெட்டை என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியில் வைத்திருக்கும் ஒருத்தி பாடுவது. அதை இருபத்தைந்து வயதுக் குரலில் பாட வைத்து அனுப்பியிருந்தார்.

நான் அதைக் கூட்டத்துக்கு அனுப்பவில்லை. கைபேசியில் பதிந்ததை அனுப்பினேன். மின்விசிறிச் சத்தமும் குக்கர் விசிலும் அதில் இருந்தன.

குரல் தடிக்கத் தொடங்கியது 44 வயதில். முதலில் சளி என்று நினைத்தேன், அப்புறம் நாள் முழுக்கக் கத்திப் பாடம் நடத்துவதால் என்று நினைத்தேன். டாக்டர்தான் சொன்னார்: ஈஸ்ட்ரோஜன் குறையும்போது குரல்நாண்கள் சற்றுத் தடிக்கும், ஈரம் குறையும், மேல்ஸ்தாயி கைவிட்டுப் போகும், அடிக்குரல் கனக்கும். ஐந்து கட்டையில் பாடியவள் மூன்று கட்டைக்கு வந்தேன். கிதார்க் கணக்கில் சொன்னால், கேப்போவை மூன்றாவது ஃப்ரெட்டில் மாட்டிப் பாடிய பாட்டுகளை இப்போது கேப்போ இல்லாமல் பாடுகிறேன். பையன்களின் குரல் உடைவதற்கு மகரக்கட்டு என்று தமிழில் ஒரு சொல்லே இருக்கிறது. வீட்டில் சிரித்துக்கொண்டே "பெரிய ஆளாயிட்டான்" என்பார்கள். நாற்பதுகளில் எங்களுக்கு உடைகிறதே, அதற்கு எனக்குத் தெரிந்து சொல் இல்லை. ஸ்டுடியோவில் மட்டும் இருக்கிறது: 'பிசிறு'.

ஆகவே நானே பதிவு செய்வது என்று முடிவு செய்தேன். அங்கே தொடங்கியது மென்பொருள் புராணம்.

அண்ணன் மகன் சென்னையில் இருக்கிறான். அவன் சொன்னான், "அத்தை, மேக் வாங்குங்க, வேற எதுவும் யோசிக்காதீங்க." பாட்டுப் பதிய ஒரு லட்ச ரூபாய்க் கணினி. கணினித் துறையில் இருக்கும் நண்பர், பெரிய ஸ்டுடியோக்களில் ஓடும் புரோ டூல்ஸின் கிராக் வெர்ஷனைப் பென் டிரைவில் போட்டுத் தருவதாகச் சொன்னார். என் கவிதைத் தொகுப்பைப் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸாப்பில் சுற்றவிட்டபோது நான் போட்ட சண்டையை அவரும் பார்த்தவர்தான். எனவே அது வேண்டாம். கேட்ட எல்லோரும் தாங்கள் எதை வைத்திருக்கிறார்கள் என்று சொன்னார்களே தவிர, "நீங்க என்ன பாடுவீங்க, எப்போ பாடுவீங்க, எங்கே உட்கார்ந்து பாடுவீங்க?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

யாரும் கேட்காததால் நானே கேட்டுக்கொண்டேன். பாடுவது நான் ஒருத்தி. ஒரு குரல், ஒரு கிதார். டிரம்ஸ் கிடையாது, ஆயத்தத் தாளத் துண்டுகள் வேண்டாம், கீபோர்டு கிடையாது. நேரம் இரவு பத்தரையிலிருந்து பன்னிரண்டு, பாத்திரம் கழுவி, மறுநாள் இட்லிக்கு மாவு எடுத்து வெளியே வைத்த பிறகு. இடம் படுக்கையறை பீரோவுக்கு எதிரே. கருவி எட்டு வருடப் பழைய விண்டோஸ் லேப்டாப், கல்லூரி வேலையும் அதில்தான். மாதச் சந்தா என்றால் ஒரு மாதம் பாடாவிட்டாலும் குற்ற உணர்ச்சி வரும். சொல்லித்தர ஆள் கிடையாது. இப்படி எழுதி வைத்துப் பார்த்தபோது பட்டியலில் இருந்த பாதிப் பெயர்கள் தாமாக உதிர்ந்துவிட்டன.

ஆப்பிள் கருவி வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையில் இவ்விடத்தைத் தாண்டிப் போய்விடலாம். கராஜ்பேண்ட் அதில் இலவசம், ஐபேடிலும் ஐபோனிலும்கூட ஓடும், ஒரு குரலுக்கும் ஒரு கிதாருக்கும் தாராளம். பேண்ட்லேப் கைபேசியிலேயே போதும், காசும் இல்லை. ஆனால் கணக்குத் திறக்க வேண்டும், பாட்டு அவர்களுடைய சர்வரில் போய் உட்காரும். பாதி எழுதிய கவிதையை அடுத்த வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வருவது போல எனக்கு இருந்தது. இது என் கூச்சம். என் மாணவிகள் பலருக்கு அந்தக் கூச்சமே இல்லை, நன்றாகப் பாடிப் போடுகிறார்கள்.

அடாசிட்டியில் ஒரு மாதம் இருந்தேன். 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைப்பது, யார் வேண்டுமானாலும் நிரலைத் திறந்து பார்க்கலாம், பழைய கணினியிலும் முரண்டு பிடிக்காது. திறந்தால் ஒரு சிவப்புப் பொத்தான், அமுக்கினால் பதிகிறது. பதிந்ததை வெட்டலாம், ஒட்டலாம், இரைச்சலைக் குறைக்கலாம். முதன்முதலாகப் பதிகிற எந்தப் பெண்ணுக்கும் இதைத்தான் சொல்வேன். இதிலேயே இருந்துவிட்டாலும் ஒன்றும் குறைவில்லை.

நான் விட்டு வந்ததற்குக் காரணம் என் பாடும் முறை. ஒரே அடியை ஏழெட்டு முறை பாடுவேன், ஒன்றையும் அழிக்க மனசு வராது. கவிதையில் என் அடித்தல் திருத்தல்களை எல்லாம் நோட்டிலேயே வைத்திருக்கிறவள் நான். ரீப்பர் என்ற மென்பொருளில் அதே இடத்தில் மறுபடி பாடினால் பழையது அழியாது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துக்கொள்ளும். எப்போது வேண்டுமானாலும் மூன்றாவது முறை பாடியதற்குத் திரும்பிப் போகலாம். இறக்குமதிக் கோப்பு, குடும்ப வாட்ஸாப் குழுவில் வரும் ஒரு கல்யாண வீடியோவைவிடச் சின்னது. 60 நாள் எல்லா வசதியோடும் பயன்படுத்திப் பார்க்கலாம், அப்புறம் தனிநபருக்கு 60 டாலர், ஒரே தடவை. இணையம் இல்லாமலும் ஓடும்.

குறையும் சொல்ல வேண்டும். பார்க்க அழகில்லை. திறந்ததும் விமானி அறைக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கும். இரண்டு வார இறுதிகள் அதில் போயின. எனக்கு வேண்டாத பட்டைகளையெல்லாம் மறைத்துவிட்டு, கன்ட்ரோலும் ஆர்-உம் சேர்ந்தால் பதிவு, ஸ்பேஸ் தட்டினால் நிற்கும் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி லேப்டாப் ஓரத்தில் ஒட்டினேன். இன்றும் எனக்குத் தெரிந்தது அந்தச் சீட்டளவுதான்.

பெயரில் ஒரு வேடிக்கை. ரீப்பர் என்றால் கதிர் அறுப்பவர். வேர்ட்ஸ்வொர்த்தின் 'தி சாலிட்டரி ரீப்பர்' 1807இல் அச்சான கவிதை, ஆங்கில வகுப்பில் படித்திருப்பீர்கள். மலைநாட்டு வயலில் ஒருத்தி தனியாகக் கதிர் அறுத்துக்கொண்டே பாடுகிறாள். கேட்கிறவருக்கு அவள் மொழி தெரியாது, என்ன பாடுகிறாள் என்று புரியாமலே மலையேறிப் போய்விடுகிறார். கவிதை இருநூறு வருடத்துக்கு மேலாக நிற்கிறது. அவள் பாட்டு எங்கே என்று அந்த வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

60 டாலர் கட்டுவதற்கு நான் எடுத்துக்கொண்ட காலம் 58 நாள். ஃப்ரிட்ஜ் பழுதானபோது அரைமணி நேரத்தில் கார்டைத் தேய்த்தவள். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. "ஹாபிக்கு எதுக்கு இவ்வளவு?" என்று கணவர் ஒருமுறை கேட்டதோடு சரி. அவருடைய கேமராவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. தடுத்தது என் சம்பளத்தையே எனக்காகச் செலவழிக்கத் தெரியாத என் கை.

எதைத் தேர்ந்தாலும் பாட்டின் தரத்தில் பாதிக்கு மேல் மென்பொருளுக்கு வெளியே இருக்கிறது. என் அறைக்கு ஒலிக்காப்பு கிடையாது, பீரோ இருக்கிறது. கதவு இரண்டையும் திறந்துவைத்து, அடுக்கியிருக்கும் பருத்திப் புடவைகளைப் பார்த்தபடி பாடினால் எதிரொலி அடங்குகிறது. முதுகுக்குப் பின்னால் ஜமக்காளத்தைத் தொங்கவிடுவேன். கண்டென்சர் மைக் நுட்பமாகக் கேட்கும் என்று வாங்கச் சொன்னார்கள். நுட்பமாகக் கேட்கத்தான் செய்கிறது, பக்கத்து வீட்டு மிக்ஸி வரைக்கும். குரலுக்கு டைனமிக் மைக்தான் நம் வீடுகளுக்குச் சரி. கிதாருக்கு வைக்கும் மைக் நடு ஓட்டையைப் பார்த்தால் குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி முழங்கும், கழுத்து உடம்போடு சேரும் இடத்தைப் பார்த்து வைக்க வேண்டும்.

தொல்காப்பியம் பிறப்பியலை இத்தனை வருடம் நடத்தியிருக்கிறேன். தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எழுத்துப் பிறக்கும் எட்டு இடங்களைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதன் பொருள் எனக்கே ஹெட்போனில்தான் புரிந்தது. அடியின் முதலில் பகரம் வந்தால் இதழ் பிரிந்து ஒரு காற்று மைக்கில் குத்துகிறது, திரையில் அலை மலை மாதிரி எழுகிறது. எம்பிராய்டரி வளையத்தில் பழைய துப்பட்டாவை இழுத்துக் கட்டி மைக்கின் முன்னால் நிறுத்தினேன். குத்து நின்றது. இப்போது வகுப்பில் அந்த வளையத்தையும் எடுத்துப் போகிறேன்.

நான் தடுமாறிய இன்னோர் இடம், பாடும்போது என் குரலே எனக்குத் தாமதமாகக் கேட்டது. பஃபர் என்று ஓர் அளவு இருக்கிறது. 1024 என்று வைத்தால் சுமார் 23 மில்லிசெகண்ட், 128க்கு இறக்கினால் சுமார் 3. குரல் உள்ளே போக ஒரு தடவை, வெளியே வர ஒரு தடவை என்று இரட்டிப்பாகும். எண்ணை மாற்றியதும் சரியாயிற்று. இதைத்தான் கடைக்காரர் பையனை அனுப்பச் சொன்னது.

புதிய கோப்பைத் திறந்தால் மென்பொருள் தானாக 120 வேகத்தில் நாலு நாலு தாளமாகக் கட்டம் போட்டு வைத்திருக்கும். யாருடைய பாட்டை மனதில் வைத்து அந்தக் கட்டம் போட்டார்களோ. நான் பாடுவது விருத்தம் போல, தாளத்துக்குக் கட்டுப்படாமல் மூச்சுக்குக் கட்டுப்பட்டு ஓடும். மெட்ரோனோமை அணைத்து, மேலே ஓடும் அளவுகோலை நிமிடம் செகண்டுக்கு மாற்றிவிட்டேன். உரத்துப் பாடும் இடத்திலும் மைனஸ் 12 பக்கம் நிற்கும்படி ஒலியளவை வைத்துக்கொண்டால் சிவப்பு எரியாது. மே மாதம் மின்விசிறியை அணைத்துவிட்டுப் பாடுவதுதான் இதிலெல்லாம் கடினம்.

சுருதி திருத்தும் கருவி என் மென்பொருளிலும் இருக்கிறது. அந்த வகைக் கருவிகளில் பேர்பெற்ற ஆட்டோட்யூன் 1997இல் வந்தது. உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட் அதற்கு முன் பூமிக்கடியில் எண்ணெய் தேடும் அதிர்வலை ஆராய்ச்சியில் இருந்தவர். பாடுகிற சுரம் நகர்ந்திருந்தால் பன்னிரண்டில் பக்கத்தில் இருக்கும் ஒன்றுக்குத் தள்ளி நிறுத்தும். வழுக்கிப் போகும் இடமும் அதற்குப் பிழைதான். ஓர் இரவு அந்தக் கருவியைத் திறந்து என் குரலின் மேல் போட்டேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாக இருந்தது. யாரும் இல்லாத அறையில், நானே என்னைத் திருத்திக்கொண்டு, நாலு தடவை போட்டுக் கேட்டேன். அந்த இளைஞர்மேல் இருந்த கோபம் பாதி குறைந்துவிட்டது. பின் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒரே ஒரு சுரத்தில் மட்டும் விட்டுவைத்தேன். எது என்று சொல்ல மாட்டேன்.

அதற்கடுத்த பாட்டிலிருந்து குரலையும் கிதாரையும் தனித்தனியாகப் பதிவதை நிறுத்திவிட்டேன். சேர்ந்தே வாசித்துப் பாடுகிறேன். அப்படிச் செய்தால் கிதார் குரல் மைக்கிலும், குரல் கிதார் மைக்கிலும் சிந்திவிழும். தெரிந்தவர்கள் இதைத் தவிர்க்கச் சொல்வார்கள், பிறகு குரலை மட்டும் பிரித்துத் திருத்துவது கஷ்டம் என்பதால். எனக்கு வேண்டியதே அந்தக் கஷ்டம்தான். பல்லி கத்தியதும் ஒரு பாட்டில் பதிந்திருக்கிறது, சகுனம் நல்லது என்று வைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு பதிவின் முடிவிலும் என் பெயரையும் தேதியையும் சொல்லி நிறுத்துகிறேன். 1902இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்குப் பாடிய கௌஹர் ஜானிடமிருந்து எடுத்துக்கொண்ட பழக்கம். அவர் பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் அறிவிப்பார், தட்டு அச்சாவது ஜெர்மனியில் என்பதால் பாடியது யார் என்று அங்கே தெரிவதற்காக. தென்னிந்தியாவில் ஆரம்ப காலத்தில் இசைத்தட்டுக்குப் பாடிய பெண்களில் பலர் தேவதாசி மரபினர், கோயம்புத்தூர் தாயி போல. 'குடும்பப் பெண்கள்' குரலை இயந்திரத்துக்குத் தரத் தயங்கிய காலத்தில் அவர்கள் கூம்புக்குழாயின் முன் நின்றார்கள். குழாய்க்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் வேறு ஆட்கள்.

என் மாமியார் எங்களோடு இருக்கிறார். ஆரம்பத்தில், "ராத்திரியில யாருகூடப் பேசிக்கிட்டு இருக்க?" என்று வாசலில் வந்து நின்றார். பாடுகிறேன் என்றதும் போய்விட்டார். நாலைந்து மாதம் கழித்து ஓர் இரவு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டிவிட்டேன், தோடு இடிக்கிறது என்று ஒரு பக்கத்தை விலக்கிப் பிடித்துக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார்.

"உன் குரலாத்தான் இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் அது நின்ன வருசம் இப்படித்தான் கட்டிப்போச்சு. கோயில்ல கும்மிப் பாட்டு நான்தான் எடுத்துக் கொடுப்பேன். அப்புறம் எடுக்கறதில்ல, நல்லா இல்லைன்னுட்டாங்க" என்றார்.

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. "இப்ப ஒண்ணு பாடுங்க அத்தை" என்றேன்.

"அந்தச் சிவப்பு பட்டனை அமுக்காத. சும்மா பாடிப் பாக்குறேன்."

அமுக்கவில்லை. ஒரு பாட்டும் அடுத்ததில் பாதியும் பாடினார். மூன்று கட்டையைவிடக் கீழே, நான் கிதாரைத் தொடவில்லை. பாதியில் நிறுத்தி, மாவு பொங்கி வழிந்திருக்கும் என்று எழுந்து போனார்.